எழுபது வளைவுகளும் ஒரு சின்ன வேனும்: ஒன்பது ஆண்டு ஓட்டம்

என் மாருதி ஈக்கோ கார்கோ வேன் போன மாதம் 1,46,000 கிலோமீட்டரைக் கடந்தது. 2016-இல் புதிதாக வாங்கியது. வாரத்தில் இரண்டு நாள் நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு ஏறி, சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் அன்னாசி, மலைவாழை, பலா, மிளகு என்று பருவத்துக்குக் கிடைப்பதை ஏற்றிக்கொண்டு இறங்குவேன். மற்ற நாட்களில் சேலம், கரூர் என்று சமவெளி ஓட்டம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலைக்கு மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி பெரும்பாலும் காலி. இறங்கும்போது முழுப் பாரம். வண்டியைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இந்த இறக்கத்தில் கற்றதுதான். ஆகையால் இதை எழுதும்போதும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

1,196 சிசி பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், பின்சக்கர இயக்கம். எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. என்னுடைய 2016 மாடலில், கடுமையாக பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது. பாரம் ஏற்றும் தொழிலுக்குப் பின்சக்கர இயக்கம் நல்ல துணை. சுமையின் எடை பின்சக்கரங்களை அழுத்துவதால் மேட்டில் பிடி நன்றாக இருக்கும். இதன் மறுபக்கம், மழை நாளில் காலி வண்டியோடு ஏறும்போது தெரியும். பின்புறம் லேசாக இருப்பதால் செங்குத்தான வளைவில் சக்கரம் வழுக்கிச் சுற்றும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலியாக ஏற வேண்டியிருந்தால் இரண்டு மூட்டை மணலைப் பின்னச்சின் மேல் வைத்துக் கட்டிக்கொள்வேன். அதற்குப் பிறகு வழுக்கல் வெகுவாகக் குறைந்தது.

முதல் சில ஆண்டுகள் நான் தவறாகத்தான் ஓட்டினேன். ஏறும்போது குடித்த பெட்ரோலை இறங்கும்போது மிச்சப்படுத்தலாம் என்று, வளைவுகளுக்கு நடுவே நியூட்ரலில் உருட்டுவேன். பலர் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். இது உயிரோடு விளையாடுவது, மிச்சமும் ஆகாது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள எஞ்சினில், வண்டி கியரில் இருக்க ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினைச் சக்கரங்களே சுற்றுகின்றன. அந்த நேரத்தில் பெட்ரோல் பாய்வதை வண்டியின் மின்னணுக் கட்டுப்பாடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் தேவை. ஆக, கியரில் இறங்குகிறவனுக்குத்தான் செலவு குறைவு. சாவியை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. எஞ்சின் நின்றால், மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும். பிறகு பிரேக் கல்லாகிவிடும். சாவியை வெளியே இழுத்தால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

இந்தப் பழக்கத்தை மாற்றியது 2019-இல் நடந்த ஒரு சம்பவம். பலாப் பருவம். முழுப் பாரத்தோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலை தாண்டியிருக்கும். ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சு போல உள்ளே போயிற்று. மீண்டும் மிதித்தேன், இன்னும் ஆழமாகப் போயிற்று. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கும், பிறகு முதல் கியருக்கும் இழுத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலைப்பக்கச் சுவரோரம் வண்டியை உரசி நிறுத்தினேன். இடது பக்கத் தகடு முழுக்கக் கிழிந்தது. பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் தப்பியதே போதும். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது!

பின்னால் வந்த ஒரு பழைய லாரி ஓட்டுநர் நிறுத்தி இறங்கி வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “தம்பி, எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக் நிறுத்துவதற்கு, வேகத்தைக் கட்டிவைக்க எஞ்சின் இருக்கிறது” என்றார். லாரித் தொழிலில் ஊறிய நாமக்கல்லில் பிறந்தும் இதை நான் காதில் வாங்காமலே இருந்திருக்கிறேன்.

பட்டறையில் பிரேக் ஆயிலைத் திறந்து பார்த்தபோது காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து நான் அதை மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதன் கொதிநிலைக்குத் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச அளவே 140 டிகிரிதான். டாட் 4-க்கு இந்த அளவுகள் 230, 155. தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் மிதிக்கும் விசையெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சூடு ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் பெடல் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நிற்கும். “பிறகு சரியாகிவிட்டதே” என்று கிளம்பிப் போகிறவர்களை நினைத்துத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுகிறேன். வண்டியின் பிரேக் ஆயில் தொட்டி மூடியில் எழுதியிருக்கும் வகையைப் பார்த்து, முத்திரை உடையாத சிறிய டப்பாவாக வாங்குகிறேன். பட்டறையில் திறந்து கிடக்கும் பெரிய டப்பாவிலிருந்து ஊற்ற விடுவதில்லை. நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்கும்போது, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, பக்கத்திலேயே நிற்பேன்.

இறக்கத்தில் இப்போது என் முறை இதுதான். பாரத்தோடு முழு மலையும் இரண்டாம் கியர். மிகக் குறுகலான சில வளைவுகளுக்கு முதல் கியர். வேகம் ஏறும்போது பிரேக்கை அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுவேன். லேசாக மிதித்துக்கொண்டே போவதுதான் லைனிங்கைக் கருக்குகிறது. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் வளைவுக்குள் போய்க் கடுமையாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்தை ஸ்டியரிங் திருப்பாது. பாதி வழியில் அகலமான இடம் பார்த்துப் பத்து நிமிடம் நிறுத்துவேன். சக்கரத்தைத் தொடாமல் உள்ளங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்ப்பேன். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதித்தால், அந்தப் பக்கம் பிரேக் முழுதாக விடவில்லை என்று பொருள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைக் காணும்போதெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். திடீர்க் குளிர்ச்சியில் இரும்பு கோணிக்கொள்ளும், வெடிப்பும் விழும். தானாக ஆற விடுவதுதான் வழி.

பலன் கணக்கில் தெரிகிறது. நியூட்ரலில் உருட்டிய நாட்களில் முன் பிரேக் பேட் 14,000 கிலோமீட்டரில் தேய்ந்தது. இப்போது 27,000 வரை வருகிறது.

கணக்கு என்றதும் என் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதுகிறேன். சமவெளியில் எனக்கு லிட்டருக்கு 14 கிலோமீட்டர், மலை ஓட்டத்தில் 11 கிலோமீட்டர் கிடைக்கிறது. 2022-இல் சமவெளிக் கணக்கு 12-க்கு இறங்கியது. ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில் கைப்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, பின்சக்கரம் ஒன்று எப்போதும் லேசாகப் பிடித்தபடி இருந்தது. அப்படியே மலை இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே மனம் வரவில்லை. ஐந்து ரூபாய்க்கு வாங்கிய கணக்கு நோட்டு அதைக் காட்டிக் கொடுத்தது. காற்று குறைந்த டயர், அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக் எல்லாமே முதலில் மைலேஜில்தான் தலைகாட்டும்.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் அதிகமாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைவாக இருக்கும். பாரத்துக்கு உரிய அளவு வண்டியின் கதவோரத்திலோ கையேட்டிலோ இருக்கிறது. காற்று குறைந்த டயர் பாரத்தில் பக்கவாட்டுச் சுவரை மடக்கி மடக்கிச் சூடேறி வெடிக்கும். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேல்கட்டைகள், தேயாமல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னிக்கும் வயது ஏறுகிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். நான் ஒருமுறை மாற்றப் போனபோது, பட்டன் சற்றும் தேயாத என் ஸ்டெப்னியில் விரலளவு வெடிப்புகள் இருந்தன.

பாரம் ஏற்றுவதில் நான் யாருடைய பேச்சையும் கேட்பதில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள எடைக்கு மேல் ஒரு கூடைகூடக் கிடையாது. “இன்னும் நான்கு தார் போகும்” என்று சந்தையில் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். இடம் இருப்பது வேறு, எடை தாங்குவது வேறு. கனமானதை அடியில், முன் இருக்கையின் தடுப்பை ஒட்டி வைக்க வேண்டும். பின்னச்சுக்குப் பின்னால் கனம் போனால் முன்பக்கம் எழும்பி ஸ்டியரிங் லேசாகிவிடும். வளைவில் திருப்பியும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். பலாப்பழம் உருளக்கூடியது, ஆகவே சாக்கில் கட்டி இடையில் வைக்கோல் திணிப்பேன். சுமையின் மேல் ஆள் உட்கார்வதற்கு என் வண்டியில் அனுமதி இல்லை, உறவினராக இருந்தாலும் சரி.

எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் பார்ப்பதற்குச் சோம்பல் வரும். ஞாயிறு காலை இருக்கையைத் தூக்கி ஆயில் அளவு, கூலன்ட், பெல்ட், பெட்ரோல் ஹோஸ் நான்கையும் பார்க்கிறேன். கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருப்பிடிக்கும், சீக்கிரம் கொதிக்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வரும் இந்நாளில், என்னுடையது போன்ற பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்களில் ஒரு கண் தேவை. ஆட்கள் உட்காரும் இடத்துக்குக் கீழேயே எஞ்சின் என்பதால் பெட்ரோல் வாடையை ஒருநாளும் அலட்சியம் செய்ய மாட்டேன். இருக்கைக்குப் பின்னால் தீயணைப்பான் இருக்கிறது. அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்பதும் ஞாயிறு வேலைதான். எஞ்சின் ஆயிலை 7,500 கிலோமீட்டருக்கு மாற்றுகிறேன். மலை ஓட்டத்தில் எஞ்சின் படும் பாட்டுக்கு அது வீண் செலவாகத் தெரியவில்லை.

கிளட்ச் தட்டு முதல் முறை 78,000-இல் போயிற்று. பாதிக் கிளட்ச்சில் வண்டியை மேட்டில் தாங்கி நிறுத்தும் பழக்கத்தால் வந்த வினை. இப்போது கைப்பிரேக்கில் நிறுத்திக் கிளப்புகிறேன். இரண்டாவது தட்டு இன்னும் நன்றாக இருக்கிறது. மேட்டில் நிற்க நேர்வதில் எதிரே வருகிறவருக்கும் பங்கு உண்டு. குறுகலான மலைப்பாதையில் இறங்குகிறவர் ஒதுங்கி நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆடிப்பெருக்குக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் இதை மதிப்பவர்கள் குறைவு. அந்த இரண்டு மூன்று நாளும் நான் மலைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பனிமூட்டத்தில் தாழ்ந்த விளக்குதான். உயர்ந்த விளக்கு போட்டால் மூட்டமே வெள்ளைச் சுவராக எழுந்து நிற்கும்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றிதழை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். அதை ஒரு தொல்லையாக நினைப்பதை நான் விட்டுவிட்டேன். எஃப்.சி.க்கு ஒரு மாதம் முன்பே பிரேக் டிரம்களைக் கழற்றிப் பார்ப்பது, ஸ்டியரிங் மூட்டுகளை ஆட்டிப் பார்ப்பது, பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டின் கிராஸ் ஜாயின்ட்டைச் சோதிப்பது எல்லாம் முடிந்துவிடுகின்றன. கியர் போட்டுக் கிளப்பும்போது அடியில் ‘டக்’ என்று ஓசை வந்தால் அந்த ஜாயின்ட்டைத்தான் முதலில் பாருங்கள்.

என் அக்காள் மகன் போன தையிலிருந்து கூட வருகிறான். காலி வண்டியை அழகாக ஏற்றுகிறான். பாரத்தோடு இறக்குவதற்கு இன்னும் நான் கொடுக்கவில்லை. காரவள்ளியில் இறங்கியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, எது எவ்வளவு சூடு என்று நோட்டில் அவனே எழுதுகிறான். இரண்டு மழைக்காலம் அப்படி எழுதட்டும்.