பழைய ஜெட் ஸ்கியும் அதன் ஸ்பார்க்கும்: ஒன்பது கோடைகளுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வைத்த பழைய ஜெட் ஸ்கி, அதாவது பைக் போல ஏறி உட்கார்ந்து தண்ணீரில் ஓட்டும் வண்டி. 'ஜெட் ஸ்கி' என்பது உண்மையில் கவாசாகியின் வணிகப் பெயர். என்னுடையது வேறு தயாரிப்பு, ஆனாலும் எல்லோரையும் போல நானும் அப்படித்தான் சொல்கிறேன். கனடாவின் ஸ்கார்பரோவில் வீட்டு கராஜில் குளிர்காலம் முழுக்கக் கிடக்கும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சிம்கோ ஏரியில் ஓடும். செகண்ட் ஹேண்டாக வாங்கி ஒன்பது கோடை ஓட்டிவிட்டேன். பிஸ்டனோ கிராங்கோ ஒருமுறைகூடத் தொல்லை தரவில்லை. என்னை அலைக்கழித்ததெல்லாம் ஸ்பார்க்தான், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி.

இந்த மாதிரி என்ஜினில் ஸ்பார்க் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்ட பிறகுதான் என் பதற்றம் குறைந்தது. ஃபிளைவீலில் உள்ள காந்தம் சுற்றும்போது, அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் என்ற பாகத்தில் இருக்கும் சார்ஜ் காயிலில் (காயில் என்றால் கம்பிச் சுருள்) மின்சாரம் பிறக்கும். அதை சிடிஐ என்ற சின்ன மின்னணுப் பெட்டி சேர்த்து வைத்திருக்கும். பிஸ்டன் சரியான இடத்துக்கு வரும் நேரத்தில் பிக்கப் காயில் ஒரு சைகை கொடுக்கும். சிடிஐ தன்னிடம் உள்ளதை ஒரே அடியாக இக்னிஷன் காயிலுக்குள் கொட்டும். அங்கே வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் ஏறி பிளக்குக்குப் போகும். என் என்ஜினில் ஒரே காயிலிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்புவதால் இரண்டு பிளக்கும் ஒன்றாகவே பொறி விடும். பேட்டரிக்கு இதில் நேரடி வேலை கிடையாது. ஆனால் பேட்டரி சோர்ந்தால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் ஸ்பார்க்கும் பலவீனமாகும். அதனால் முதலில் பேட்டரியைத்தான் பார்க்கிறேன். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10க்குக் கீழே இறங்கினால் வேறு எதையும் தொடாமல் பேட்டரியையும் அதன் எர்த் ஒயரையும் கவனிப்பேன்.

சோதிக்கும் முறையில் இரண்டு விஷயம். சீட்டைக் கழற்றிப் பத்து நிமிடமாவது காற்றாட விடுங்கள். வண்டியின் உடற்கூடான ஹல்லுக்குள் பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால் நீங்கள் தேடும் அதே பொறி தீ வைத்துவிடும். பிளக் ஓட்டைகளைத் துணியால் மூடி, பிளக்குகளை அவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அடுத்தது, இரண்டு பிளக்கும் என்ஜின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றைக் காயிலில் ஒன்றை மட்டும் தொட வைத்து மற்றதைத் தொங்கவிட்டால் இரண்டிலுமே பொறி வராமல் போகலாம், காயிலும் சிடிஐயும் அடிபடவும் வாய்ப்புண்டு. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். 6 மில்லிமீட்டரில் நீலமாக, 'டக் டக்' என்று சத்தத்தோடு அடித்தால் நல்ல ஸ்பார்க். மெல்லிய ஆரஞ்சு நிறத்தில் வந்தால் எனக்கு அது போதாது.

முதல் கோடையிலேயே ஸ்பார்க் சுத்தமாக இல்லாமல் போனது. காரணம் கைப்பிடியில் இருக்கும் ஸ்டாப் சுவிட்ச். மணிக்கட்டில் கட்டும் பாதுகாப்புக் கயிறான லேன்யார்டின் கிளிப்பை இழுத்தால் அந்தச் சுவிட்ச் சிடிஐயின் ஒரு ஒயரை எர்த்தோடு சேர்த்து என்ஜினை நிறுத்தும். சுவிட்சுக்குள் ஈரம் இறங்கிப் பச்சை பூத்து, கிளிப் மாட்டியிருந்தும் அது நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருந்தது. சிடிஐ பக்கம் அந்த ஒயரைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்ததும் பொறி வந்தது, அவ்வளவுதான். ஆனால் இது சோதனைக்கு மட்டும். அந்த ஒயரைக் கழற்றி வைத்துக்கொண்டு தயவுசெய்து தண்ணீருக்குப் போகாதீர்கள். நீங்கள் விழுந்தால் நிற்க வேண்டிய என்ஜின் நிற்காது.

நான்காவது கோடையில் ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு அடித்தது. இன்னொன்றில் ஸ்பார்க் நன்றாக இருந்ததால் ஸ்டேட்டரையும் சிடிஐயையும் சந்தேகிக்கவில்லை. ஒயர் முனையில் மாட்டியிருக்கும் பிளக் கேப்பை மீட்டரில் வைத்தேன். நல்ல கேப் 5 கிலோ ஓம் அளவு காட்ட வேண்டும், இது ஒன்றுமே காட்டவில்லை. கேப்பைத் திருகிக் கழற்றி, கறுத்துப் போன ஒயர் முனையை அரை சென்டிமீட்டர் வெட்டி, புதுக் கேப்பைத் திருகி, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவியதும் சரியாகிவிட்டது.

அந்த நேரத்தில் புது பிளக் வாங்கப் போன கடையில் என் என்ஜினுக்கு உரிய பிஆர்8எச்எஸ் என்ற பிளக் கேட்டேன், பிஆர்8இஎஸ் கொடுத்துவிட்டார்கள். ஒரு எழுத்துதான் வித்தியாசம். எச் என்றால் திரெட் நீளம் 12.7 மி.மீ., இ என்றால் 19 மி.மீ. நீளமானதைப் போட்டிருந்தால் பிஸ்டன் வந்து இடித்திருக்கும். பிளக்கின் மேல் உள்ள எழுத்தை முழுதாகப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

இனி ஏழாவது கோடை. என் மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் குடாவில் இருபது நிமிடம் அருமையாக ஓடிவிட்டு, சுவிட்சை அணைத்தது போல நின்றது. காற்று எழும்பிக்கொண்டிருந்தது. மீன்பிடிப் படகு ஒன்று கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. அரை மணி நேரம் கழித்து டிரெய்லரில் வைத்தே ஸ்டார்ட் செய்தேன், உடனே பிடித்தது. எரிபொருள் என்றுதான் முதலில் நினைத்தேன். டேங்குக்குள் காற்றை விடும் வென்ட் அடைத்துக்கொண்டாலும் இப்படி நிற்கும். வென்ட், ஃபில்டர், கார்புரேட்டர் மூன்றையும் சுத்தம் செய்தேன். மறுபடியும் இருபது நிமிடம், மறுபடியும் நின்றது.

அடுத்த முறை கரையை ஒட்டியே ஓட்டினேன். நின்றதும் துடுப்புப் போட்டு, படகு கட்டும் மேடையான டாக்குக்கு வந்து, காற்றாட விட்டு, டெஸ்டரை மாட்டினேன். ஸ்பார்க் இல்லை. ஆக, கோளாறு எரிபொருளில் இல்லை. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் மூன்று வார இறுதிகள் மிஞ்சியிருக்கும். அப்புறமும் ஒரு தவறு செய்தேன். வீட்டில் அளந்தபோது ஸ்டேட்டரின் ஓம் அளவுகளெல்லாம் கையேடு சொன்னபடியே இருந்ததால், சிடிஐதான் குற்றவாளி என்று முடிவுகட்டி 280 டாலருக்குப் பழைய சிடிஐ ஒன்று வாங்கிப் போட்டேன். எந்த மாற்றமும் இல்லை.

பக்கத்துத் தெருவில் கார் மெக்கானிக் தம்பி ஒருவர் இருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சூடா இருக்கேக்கை அளந்து பாத்தனீங்களோ, அண்ணை?"

இல்லை. நின்ற அதே நிமிடத்தில், டாக்கிலேயே அளந்தேன். பிக்கப் காயில் முற்றிலும் அறுந்தது போலக் காட்டியது. ஆற ஆற எண் திரும்பி வந்தது. உள்ளே மயிரிழை அளவு ஒயர், சூட்டில் விரிந்து விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. கழற்றி மேசையில் வைத்து ஹேர் டிரையரால் சூடாக்கியபோதும் அதையே காட்டியது.

பிக்கப் காயிலும் ஸ்டேட்டரோடு சேர்ந்ததுதான். அந்த ஸ்டேட்டரை மாற்றுவது பெரிய வேலை. என்னுடையதில் இடம் போதாமல் என்ஜினை மவுண்டிலிருந்து கழற்றித் தூக்க வேண்டியிருந்தது. ஃபிளைவீலை அதற்கான புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும், சுத்தியல் கூடாது. ஃபிளைவீலை ஷாஃப்டோடு பூட்டி வைக்கும் சின்னச் சாவித் துண்டு வெட்டுப்பட்டிருந்தால் டைமிங் தப்பிவிடும், அதையும் பாருங்கள். மூடியின் ஓ ரிங்கைப் புதிதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் புது ஸ்டேட்டருக்குள்ளும் தண்ணீர் போகும். என்ஜினைத் திரும்ப இறக்கும்போது டிரைவ் ஷாஃப்டோடு நேராக நிற்கிறதா என்று அளந்து, மவுண்டுக்கு அடியில் இருந்த மெல்லிய தகடுகளான ஷிம்களை அதே இடங்களில் வைக்க வேண்டும். எனக்கு இரண்டு முழு நாள் பிடித்தது.

அதற்குப் பிறகு இரண்டு கோடை ஓடிவிட்டது. ஸ்பார்க் போல நடிக்கும் ஒரு கோளாறையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது போன்ற வண்டியைக் கரையில் ஹோஸ் போட்டு அலசும்போது என்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும், தண்ணீரை மூடிய பிறகுதான் என்ஜினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். பிளக் நனைந்து ஸ்டார்ட் ஆகாது, பிடிவாதமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடே வளையும்.

இந்த மே மாதம் பேட்டரி 12.7 காட்டியது. இரண்டு பிளக்கும் பழுப்பு நிறம், அதாவது சரியாக எரிகிறது. சீட்டுக்கு அடியிலுள்ள டப்பாவில் மீட்டர், டெஸ்டர், ஒரு ஜோடி பிஆர்8எச்எஸ், துடுப்பு. மகள் மறுபடியும் பின்னால் ஏறிவிட்டாள்.