குன்னூர் லேத் பட்டறை: வீட்ல சைக்கிள் ஃப்ரேம் பண்றவங்களுக்கு

வீட்லயே ஸ்டீல் ஃப்ரேம் பண்ற கிறுக்கு புடிச்சவங்க நீலகிரில யாராச்சும் இருந்தீங்கன்னா, குன்னூர் மார்க்கெட்டுக்கு கீழ இருக்கற அந்த பழைய லேத் பட்டறைக்கு தாராளமா போலாம், குழாய் வெட்டறதுக்கு மட்டும். குழாய்கள சேத்து பத்த வைக்கறதுக்கு (ஒட்டறதுக்கு) போகாதீங்க.

வெட்டறதுக்கு எதுக்கு பட்டறைன்னா ஃப்ரேமோட பாதி உசுரு குழாய் முனையிலதான் இருக்கு. முன்னாடி ஹேண்டில் பக்கம் இருக்கற ஹெட் ட்யூப்ல போய் உக்கார்ற மேல் குழாய் (டாப் ட்யூப்), கீழ் குழாய் (டவுன் ட்யூப்) ரெண்டோட முனையவும் சரியான சாய்வுல வளைவா குடையணும், சந்து இருந்தா பத்த வைக்கும்போது உருகற பித்தளை ரொப்பி மூடிடும், பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஆறும்போது அந்த பக்கமா இழுத்து ஃப்ரேம் கோணிக்கும். அரை வட்ட அரம் வச்சு கையாலயே ராவறவங்களும் இருக்காங்க, எனக்கு அவ்ளோ பொறுமை இல்ல.

நான் கொண்டு போனது 4130 குரோமோலிங்கற ஸ்டீல் குழாய், 0.9 மி.மீ. கனம். பட்டறை அண்ணன் கையில வாங்கி தூக்கி பாத்துட்டு "தம்பி, இத சும்மா வைஸ்ல புடிச்சா அப்பளமாயிடும்"னாரு. அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. ஒரு சில்வர் ஓக் கட்டைல குழாய் சைஸுக்கு ஓட்டை போட்டு ரெண்டா அறுத்து, அதுக்கு நடுவுல குழாய வச்சு லேத்தோட கிராஸ் ஸ்லைடு (குறுக்கால நகர்ற மேடை) மேல சாய்வு பாத்து இறுக்கினாரு, சுத்தற சக்குல ஹோல் சா (வட்டமா ஓட்டை அறுக்கற பிளேடு), அப்புறம் அவசரமே இல்லாம மெதுவா தள்ளினாரு. சீட்டுக்கு கீழ வர்ற சீட் ட்யூப் 28.6 மி.மீ., அதுல உக்கார்ற முனைய குடைய 29 மி.மீ. ஹோல் சா போதும், மிச்சம் ரெண்டு இழுப்பு அரம். சேத்து வச்சு பல்பு வெளிச்சத்துல பாத்தேன், வெளிச்சம் கசியவே இல்ல. கேட்ட காசும் நியாயம்தான்.

இப்ப குறை. "நானே வெல்டிங் போட்டு தரேன்"னு சொல்வாரு, அவர்கிட்ட இருக்கறது ஆர்க், இரும்பு கேட் செய்யற ஆளுக்கு அது சரி, இந்த கனத்துக்கு போட்டா பொத்துக்கும். பிரேசிங், அதாவது குழாய உருக்காம ராட மட்டும் உருக்கி ஒட்டறத, வீட்லயே பண்ணிக்கோங்க. பித்தளை ராடுக்கு 900 டிகிரி பக்கம் சூடு வேணும், 56 சதவீத வெள்ளி ராடு 650லயே ஓடிடும், பின் சக்கரம் மாட்டற டிராப் அவுட்டுக்கு நான் போட்டது அதான். ராடு வாங்கும்போது காட்மியம் இல்லாததுன்னு கேட்டு வாங்குங்க, சில வெள்ளி ராடுல அது கலந்திருக்கும், அந்த புகை நுரையீரலுக்கு எமன். இன்னொண்ணு, ஊட்டி பக்கம் மார்கழி தை குளிர்ல எல்பிஜி டார்ச் வச்சு பண்ணாதீங்க, சிலிண்டர்ல பியூட்டேன் சரியா ஆவியாகாது, ப்ரஷர் விழும், பாதி ஜாயிண்ட்ல தீ சோந்து போனா வர்ற கடுப்பு இருக்கே.

பெடல் அச்சு உக்கார்ற பாட்டம் பிராக்கெட்டுக்கு த்ரெட் போடறதும் இங்க நடக்காது. 68 மி.மீ. ஷெல், 1.37 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 த்ரெட், செயின் பக்கம் இடது மறை. அந்த மறை வெட்டற டேப் மலை மேல யார்கிட்டயும் கிடைக்கல. த்ரெட் போட்ட ஷெல்லாவே வாங்கிடுங்க, பத்த வச்சா கொஞ்சம் கோணும், மறுபடி டேப் விட கோயம்புத்தூர்தான் இறங்கணும்.

எனக்கு ரொம்ப புடிச்சது கடைசி வேலை. ஃப்ரேம முடிச்சு எடுத்துட்டு போனா, ஒரு டிராப் அவுட்ல நூல் கட்டி ஹெட் ட்யூப சுத்தி இழுத்து அந்த பக்க டிராப் அவுட்ல கட்டி, சீட் ட்யூபுக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி ஒண்ணா இருக்கான்னு வெர்னியர் வச்சு பாத்தாரு. சைக்கிள் ஃப்ரேம் பண்றவங்க காலங்காலமா பாக்கற முறை அதான், நான் சொல்லவே இல்ல, அவராவே பண்ணாரு. பின்னாடி ரெண்டு டிராப் அவுட்டுக்கும் நடுவுல என் ஃப்ரேமுக்கு 135 மி.மீ., உங்க ஹப்புக்கு எவ்ளோ வரணும்னு மட்டும் சொல்லிடுங்க.

ஐப்பசி கார்த்திகைல போறதா இருந்தா எண்ணெய் துணி கொண்டு போங்க, குன்னூர் மழைக்கு வெட்டின முனை ராத்திரிக்குள்ள துரு புடிச்சிடும். கரண்ட் போனா வேலை நின்னுடும், அதனால காலைலயே போயிடுங்க. ஞாயித்துக்கிழமை லீவு.