பன்னிரண்டுக்குப் பன்னிரண்டா, பன்னிரண்டுக்கு ஆறா? வன்னி வளவில் கோய் மீன் தொட்டிக்கு ஏற்ற அளவு

கிளிநொச்சியில் எங்கள் பின்வளவில் முதலில் கட்டியது பன்னிரண்டடி நீளம், பன்னிரண்டடி அகலம், இரண்டடி ஆழம் கொண்ட தொட்டி. பார்க்க விசாலமாக இருந்தது. இரண்டு கோடைகள் அதனோடு மல்லுக்கட்டிய பிறகு அதை இடித்துவிட்டு, பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் நாலடி ஆழமுமாகக் கட்டினேன். இரண்டிலும் கொள்ளளவு ஒன்றுதான்: 288 கன அடி, சுமார் 8,150 லீற்றர். தண்ணீர் ஒரே அளவு, ஆனால் மீன்களின் வாழ்க்கை வேறு. தொட்டி கட்ட நினைப்பவர்கள் எத்தனை லீற்றர் என்று கேட்பதற்கு முன் எத்தனை அடி ஆழம் என்று கேட்க வேண்டும் என்பேன்.

கோய் ஜப்பானின் நீகாத்தா பகுதியில் கெண்டையிலிருந்து நிறத்துக்காக வளர்த்தெடுக்கப்பட்ட மீன். குளிர்நாட்டுக் கையேடுகள் ஆழத்தைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் பனிக்காலத்துக்காக. மேலே உறைந்தாலும் அடியில் மீன் பிழைத்திருக்க வேண்டும் என்பது அவர்களின் கவலை. நமக்கு ஆழம் வேண்டியிருப்பது வெயிலுக்காக. கோய்க்கு ஒத்துப்போவது ஏறத்தாழ 15 முதல் 25 பாகை வரையான தண்ணீர். ஆடி, ஆவணி மதியங்களில் என் பழைய தொட்டியில் வெப்பமானி 34 காட்டியது. இரண்டடித் தண்ணீரில் மீன் கீழே போய் ஒதுங்கவும் இடமில்லை. சூடேறிய தண்ணீரில் ஒட்சிசன் கரைவதும் குறைவு. 20 பாகையில் ஒரு லீற்றரில் 9 மில்லிகிராம் வரை கரையும். 34 பாகையில் 7 மில்லிகிராம்தான் கரையும். இரவில் பாசியும் அதையே உள்ளிழுப்பதால் விடியப்புறத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில் மின்சாரமும் நின்றுவிட்டால் வாளியால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் ஊற்றியிருக்கிறேன்.

அடுத்தது சோளகம். வைகாசியில் தொடங்கும் அந்தக் காற்று, வெயிலோடு சேர்ந்து தொட்டியைக் குடிக்கும். ஒரு நாளைக்கு 6 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகன்ற தொட்டியின் நீர்ப்பரப்பு 144 சதுர அடி, எனவே இழப்பு நாளுக்கு 80 லீற்றர். ஒடுங்கிய தொட்டியின் பரப்பு அதில் பாதி, இழப்பும் பாதி. நான்கு மாதத்தில் அகன்ற தொட்டி இழப்பது 9,600 லீற்றர். அதாவது தன் கொள்ளளவுக்கும் மேல்! கிணறு கீழே போய்க்கொண்டிருக்கும் காலத்தில் இத்தனையும் அந்தக் கிணற்றிலிருந்துதான் வர வேண்டும்.

இதற்குள் இன்னொரு கேடும் மறைந்திருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீரின் குணம் கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் சுண்ணமும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால், நூறு நாளில் இரண்டடித் தொட்டியில் உப்பு இரு மடங்காகிவிடும். நாலடித் தொட்டியில் ஒன்றரை மடங்குதான். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது அவசியம். திறந்துவிடும் 800 லீற்றரும் என் வாழைகளுக்கும் தென்னைகளுக்கும் போகிறது. மீன் கழிவு கலந்த தண்ணீருக்கு வாழை தரும் பதிலைக் குலையில் காணலாம்.

செலவு? ஆழம் என்றதும் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. தண்ணீர் நிற்கும் உட்பரப்பு, அதாவது தரையும் சுவர்களும் சேர்த்து, அகன்ற தொட்டிக்கு 240 சதுர அடி, ஒடுங்கியதற்கு 216. பூச்சு குறைவு. ஆனால் ஆழம் கூடக்கூட அடிச்சுவரில் அழுத்தம் கூடும் என்பதால் கம்பியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. “அண்ணை, மூன்றடிக்குக் கீழே கல் வரும்” என்று மேசன் தயங்கினார். அதனால் நாலடியையும் நிலத்துக்குள் இறக்கவில்லை. இரண்டரை அடி கீழே, ஒன்றரை அடி மேலே, அதற்கும் மேல் ஓரடி வெற்றுச் சுவர். இதில் எதிர்பாராத நன்மைகள் கிடைத்தன. மார்கழியில் நிலத்தடி நீர் மேலெழும் போது தொட்டியைக் கீழிருந்து நெம்பும் விசை குறைகிறது. வெள்ளம் உள்ளே வருவதில்லை. நடக்கத் தொடங்கிய பிள்ளை தவறி விழும் ஆபத்தும் குறைவு. செங்குத்துச் சுவரில் நாரைக்குக் கால் ஊன்ற இடமில்லை. ஆழம் குறைந்த பழைய தொட்டி அதற்குப் படிக்கட்டு வைத்துக் கொடுத்தது போல இருந்தது.

அப்படியானால் இன்னும் ஆழமாக, இன்னும் பெரிதாகப் போகலாமே என்பீர்கள். பதினாறடிக்கு எட்டடி, ஐந்தடி ஆழம் என்றால் 18,000 லீற்றர். வற்றாத கிணறும் இடைவிடாத மின்சாரமும் உள்ளவருக்கு அதுவே சிறந்தது. தண்ணீர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் சூடேறும். ஆனால் வாரத்துக்கு 1,800 லீற்றர் மாற்ற வேண்டும். வவுனியாப் பக்கத்துப் பாறை நிலத்தில், ஆவணியில் இறைத்து இறைத்துச் சேற்றைக் காணும் கிணறு இதைத் தாங்காது.

வளவில் கைவிடப்பட்ட பழைய கிணறு இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். நீர்மட்டம் மாரிக்கும் கோடைக்கும் இடையே பல அடி ஏறி இறங்கும், அடிக்கழிவை எடுக்க முடியாது, அந்தக் கழிவு அயலவர் குடிக்கும் தண்ணீரில் சேரும். ஒடுங்கிய குழியில் ஒட்சிசன் உள்ளே புகும் நீர்ப்பரப்பும் போதாது. என் தொட்டியின் ஆழத்தை நாலடியோடு நிறுத்திக்கொண்டதற்கும் இதுவே காரணம்.

அகலத்தில் ஆறடிக்குக் கீழே போகாதீர்கள். கடையில் விரல் நீளத்தில் வாங்கும் கோய் இரண்டடி வரை வளரும், பல பத்தாண்டுகள் வாழும். அது திரும்பி நீந்த அதன் நீளத்தைப் போல மூன்று மடங்கு அகலமாவது வேண்டும். வளர்ந்த மீன் ஒன்றுக்கு 1,000 லீற்றர் என்று கொண்டால் என் தொட்டிக்கு எட்டு மீன். நான் ஆறோடு நிறுத்தியிருக்கிறேன். இன்னொன்று: வடிகட்டிக்கான இடத்தை இந்த அளவுக்குள் சேர்க்காதீர்கள். மூன்றடிக்கு ஆறடி அறை ஒன்றைப் பக்கத்தில் தனியாக ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது முழுத் தண்ணீரும் அதன் வழியே போய்வர வேண்டும், ஆகவே மணிக்கு 4,000 லீற்றருக்குக் குறையாத மோட்டார் தேவை. வேம்பின் கீழ் கட்டாதீர்கள், மாசி பங்குனியில் உதிரும் இலை முழுவதும் தொட்டிக்குள்தான் விழும். நிழல் வலை போதும்.

ஆறுக்கு நாலு, இரண்டடி ஆழம், அவ்வளவுதான் இடம் என்றால் அதில் 1,360 லீற்றர்தான் கொள்ளும். கோய் வாங்காதீர்கள். நாலைந்து தங்கமீன்களை விடுங்கள், கோடையில் மேலே நிழல் வலை கட்டுங்கள்.