மழைக்கால ரங்கூன்: பூச்சிக்கடிக்கு எங்கே போனோம், என்ன கிடைத்தது

பர்மாவுக்குக் குழந்தைகளோடு போகும்போது விசா, டிக்கெட், யாருக்கு என்ன சாமான் என்று ஆயிரம் யோசிக்கிறோம். அங்கே பூச்சி கடித்தால் யாரிடம் காட்டுவது, கடையில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்காக இந்த ஆவணியில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு ஊருக்குப் போய்வந்தோம். மழை, கொசு, குளவி, கம்பளிப்பூச்சி என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அடுத்து போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு தன்லின் பக்கம். ரங்கூனிலிருந்து பெகு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பலகை வீடு, முன்னால் வயல், பின்னால் முருங்கையும் மாமரமும். மே மாதம் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை என்று தண்ணீர் தேங்காத இடமில்லை. இதோடு கரண்ட் வேறு அடிக்கடி போய்விடுகிறது. ஃபேன் நின்ற அடுத்த நிமிடம் கொசு வந்து உட்காரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிற ஜாதி. அதனால் ராத்திரிக்கு மட்டும் வலை கட்டினால் போதாது, பகலில் தூங்கும் பிள்ளைக்கும் கட்ட வேண்டும்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே என் ஐந்து வயது மகளின் முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு கடியும் ஐம்பது காசு அகலத்துக்குத் தடித்துவிட்டது. நடுவில் சிறு நீர்க்கொப்புளம். அதே திண்ணையில், அதே நேரத்தில் விளையாடிய அக்கா பேரப்பிள்ளைகளுக்குச் சின்னப் புள்ளிகூட இல்லை. "வெளிநாட்டு ரத்தம் இனிப்பு, தம்பி" என்றார் அத்தை. உண்மைக் காரணம் வேறு. கொசு கடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் போகிறது. அதிலுள்ள புரதங்களை உடம்பு அந்நியமாகப் பார்த்து ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே விடுகிறது. அதுதான் தடிப்பும் அரிப்பும். ஒரே ஊர்க் கொசுவிடம் வருடக்கணக்கில் கடி வாங்கியவர்களுக்கு உடம்பு பழகிப்போய் இந்த எதிர்ப்பு குறையும். புதிதாக வரும் குழந்தைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

முதலில் பஜாரிலிருந்த ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். பர்மாவில் பெரும்பாலான மருந்தைச் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்பது தெரிந்ததுதான். கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பிள்ளைக்கு என்ன வயது, காய்ச்சல் உண்டா, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்று ஒரு கேள்வியும் இல்லை. ஒரு டியூபையும் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்றையும் எடுத்து வைத்தார். பொட்டலத்தில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மூன்று நிறத்தில் மாத்திரைகள், அட்டையிலிருந்து பிரித்துப் போட்டவை. எதன் மேலும் பெயர் இல்லை. டியூபைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன். குளோபெடசால், கூடவே ஒரு பூஞ்சைக்கொல்லி, ஓர் ஆண்டிபயாட்டிக். மூன்றும் கலந்த க்ரீம்.

இரண்டையும் வாங்காமல் வந்தேன். குளோபெடசால் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிக வலிமையான வகை. தோல் டாக்டர் பார்த்து, குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நாள் மட்டும் எழுதிக்கொடுக்க வேண்டியது. குழந்தையின் மெல்லிய தோலில் இதைத் தொடர்ந்து தேய்த்தால் தோல் இன்னும் மெலிந்துபோகும், தழும்புக் கோடு விழும், நிறுத்தியதும் பழையபடி சிவந்து எரியும். கொசுக்கடிக்குப் பூஞ்சைக்கொல்லியே தேவையில்லை. அந்த க்ரீமைப் பூசினால் அரிப்பு அடங்கும் என்பது உண்மைதான், அதனால்தான் வீட்டுக்கு வீடு அது இருக்கிறது. கல்யாண வீட்டில் மட்டும் மூன்று பேர் பையிலிருந்து அதே டியூபை எடுத்துக் காட்டினார்கள். ஒருவர் அதை முகப்பருவுக்குப் பூசுகிறாராம். எனக்கு மனசு பதறியது.

அப்புறம் மச்சான் சொன்னதைக் கேட்டு மாலை கிளினிக்குப் போனோம். பகலில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டாக்டர்கள் சாயங்காலம் சொந்தமாகக் கிளினிக் வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். கீழே கடை, மேலே கிளினிக். மரப் பெஞ்சு, நோட்டில் பெயர் எழுதும் ஒரு பையன், ஜெனரேட்டர் சத்தம். ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே போனதும் அந்த அம்மா டாக்டர் பிள்ளையை மேஜையில் உட்காரவைத்து, டார்ச்சை அடித்து ஒவ்வொரு தடிப்பாகப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். எப்போது வந்தீர்கள், எங்கே படுக்கிறீர்கள், வீட்டில் நாய் பூனை உண்டா, காய்ச்சல் வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். பழைய கடியும் ஏன் மறுபடி அரிக்கிறது என்று என் மனைவி கேட்டதற்கு, சின்னப் பிள்ளைகளுக்குப் புதுக் கடி பட்டால் ஆறிய பழைய கடிகளும் சேர்ந்து கிளம்பும், பத்து வயதுக்குள் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்று விளக்கினார்.

அவர் எழுதிக்கொடுத்தது கொஞ்சம்தான். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். ஈரத்துணியில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். காலமைன் லோஷன். ரொம்பத் தடித்த இடத்தில் மட்டும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற லேசான ஸ்டீராய்டு க்ரீம், மெல்லிசாக, சில நாள் மட்டும். ராத்திரி தூக்கம் கெடாமல் இருக்க அவள் எடைக்கு ஏற்ற அளவில் செட்டிரிசின் என்ற அலர்ஜி சிரப். முக்கியமாக நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். சொறிந்து தோல் கிழிந்து, அழுக்கு நகம் பட்டுச் சீழ் வைப்பதுதான் அவரிடம் வரும் பிள்ளைகளில் அதிகமாம். கடியைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சுட்டால், சீழோ காய்ச்சலோ வந்தால் மட்டும் ஆண்டிபயாட்டிக், அதுவும் திரும்பக் கூட்டிவந்த பிறகு. கட்டணமும் மருந்துக்கடை க்ரீம் விலையைவிடப் பெரிதாகக் கூடிவிடவில்லை. பத்து நிமிடம் தோலைப் பார்த்து, கேட்டு, சொல்லி அனுப்பும் ஒருவர் கிடைத்ததுதான் இந்தப் பயணத்தில் நான் பார்த்த சிறந்த சேவை.

காலமைன் எங்கும் கிடைக்கிறது. துத்தநாக ஆக்சைடோடு கொஞ்சம் இரும்பு ஆக்சைடு கலந்ததால்தான் அந்த இளஞ்சிவப்பு. பூசிய நீர் ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. பர்மாவில் தனக்கா என்ற மரக்கட்டையைக் கல்லில் உரசிப் பூசுவதும் இதே குளிர்ச்சிக்குத்தான், அக்கா வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கிழியாத தோலில் பூசினால் சுகமாக இருக்கிறது, சொறிந்து புண்ணான இடத்தில் மட்டும் வேண்டாம்.

அப்பாயி கையில் எப்போதும் டைகர் பாம். அதன் ஊரே ரங்கூன்தான் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் 1870களில் அங்கே தன் மருந்துக்கடையைத் தொடங்கினார், பிள்ளைகள் ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும் அதைப் பெரிதாக்கி 1926இல் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரில் நாம் பார்க்கும் ஹா பார் வில்லா அந்தக் குடும்பம் கட்டியது. பெரியவர்களுக்குக் கொசுக்கடியில் ஒரு தொட்டு வைத்தால் கற்பூரமும் மென்தாலும் அரிப்பை மறக்கடிக்கும். கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்புகூட வரலாம். குழந்தை விரல் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். அப்பாயியிடம் இதைப் பொறுமையாகச் சொன்னோம், டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பந்தல் கட்டும்போது மச்சானைக் குளவி கொட்டியது. மோதிர விரலுக்குப் பக்கத்தில். அங்கே தெருவுக்கு இரண்டு வெற்றிலைக்கடை இருப்பதால் சுண்ணாம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். யாரோ விரலில் அள்ளிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள். சுண்ணாம்பு காரம், தோலைச் சுட்டுவிடும், கொட்டிய வலிக்கு மேல் இன்னொரு புண் என்று சொல்லித் தடுத்தேன். முதலில் மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கழுவி, ஐஸ் வைத்து, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குளவி கொடுக்கை விட்டுப் போகாது. தேனீ விட்டுப் போகும். அதன் விஷப்பை தோலில் ஒட்டிக்கொண்டு விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் வழிப்பதா, இடுக்கியால் பிடுங்குவதா என்று வாதாடாமல் எதனாலாவது உடனே எடுத்துவிட வேண்டும், நேரம்தான் கணக்கு.

நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. கொட்டிய இடத்தில் மட்டும் வீக்கம் என்றால் சமாளிக்கலாம். உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சிறைப்பு, வாந்தி, தலைசுற்றி விழுவது, இவை வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. தொடையின் வெளிப்பக்கம் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். அலர்ஜி மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. மறுநாள் அந்தக் கிளினிக்கில் போய்க் கேட்டேன், அவசர டப்பாவைத் திறந்து அட்ரினலின் குப்பிகளைக் காட்டினார்கள், காலாவதித் தேதியோடு. தாமாகக் குத்திக்கொள்ளும் பேனா ஊசி நான் கேட்ட எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஒருமுறை தேனீ, குளவி கொட்டி உடம்பு முழுக்கப் பாதித்தவர்கள், தாங்கள் வசிக்கும் நாட்டிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கி, இரண்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அரசு கிராமச் சுகாதார நிலையத்துச் சயாமாவை (நர்ஸம்மாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிரசவம் பார்ப்பதும் தடுப்பூசி போடுவதும்தான் அவர் வேலை. அக்கா பேரன் முருங்கை மரத்தில் சாய்ந்து கழுத்து, தோள் எல்லாம் கம்பளிப்பூச்சி மயிர். மரத்தண்டில் அவை கூட்டமாக அப்பிக்கிடக்கும், மழையில் பட்டையும் பூச்சியும் ஒரே நிறமாகத் தெரியும். பையன் கத்திய கத்தலில் அத்தை துண்டை எடுத்துத் தேய்க்கப் போனார். தற்செயலாக வீட்டுக்கு வந்திருந்த சயாமா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். தேய்த்தால் முறிந்த மயிர் இன்னும் உள்ளே இறங்கும். பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, விரல் நீளத்துக்குக் கிழித்து, தோலில் மெதுவாக ஒட்டி ஒரே இழுப்பாக எடுத்தார். ஒவ்வொரு துண்டிலும் பழுப்பு மயிர்கள் வரிசையாகக் குத்திட்டு நின்றன. சட்டையைக் கழற்றித் தனியே போடச் சொன்னார். பிளாஸ்திரியில் ஒன்றும் ஒட்டாமல் போகும் வரை மாற்றி மாற்றி ஒட்டி, அப்புறம்தான் சோப்புத் தண்ணீர், காலமைன். கண்ணில் பட்டிருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் என்றும் சொன்னார். ஒரு சாட் (பர்மா பணம்) கூட வாங்கவில்லை. கட்டாயப்படுத்தி லட்டுப் பொட்டலம் கொடுத்தோம்.

மோல்மேனுக்கு உறவினரைப் பார்க்கப் போனபோது தங்கிய ஒரு விடுதியில் மூட்டைப்பூச்சி. காலையில் மனைவியின் கையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். மெத்தைத் தையலைப் பிரித்துப் பார்த்தால் கருப்புப் பொட்டுகள். அறையை மாற்றிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாகத் தெரியவில்லை, அரிப்புக்கு அதே காலமைன்தான். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேஜை மேல் வைத்தோம், வந்ததும் துணியை எல்லாம் சூடான தண்ணீரில் துவைத்தோம்.

கொசு கடிக்காமல் இருக்க, டீட் என்ற பூச்சி விரட்டி 20 முதல் 30 சதவீதம் உள்ள லோஷனை இங்கிருந்தே கொண்டுபோனோம். அங்கே கொசுவர்த்திச் சுருள்தான் அதிகம், அடைத்த அறையில் அதன் புகை குழந்தைக்கு இருமல் தரும். மருந்து தோய்த்த கொசுவலை அங்கே கிடைத்தது, தைரியமாக வாங்கலாம்.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் அலட்சியம் வேண்டாம். டெங்கு, கடித்து 4 முதல் 10 நாளில் வெளியே தெரியும். அது இல்லை என்று ரத்தம் பார்த்து உறுதியாகும் வரை பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபனும் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். வயல், புதர் பக்கம் நடந்தவர்கள் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டி படும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும். சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கருப்புப் பக்கு இருந்தால் அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் சண்டை போட்ட சிப்பாய்களை வாட்டிய அதே நோய். கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது, டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் சீக்கிரமே தணியும், தாமதித்தால் ஆபத்து. டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் பர்மாவுக்குப் போய்வந்தோம், இன்ன தேதியில் திரும்பினோம், வயலில் நடந்தோம் என்று நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.