பரந்தனில் செய்த சண்டை ரோபோ: நீண்ட காலப் பாவனையில் எது தாங்கியது, எது தாங்கவில்லை

சண்டை ரோபோ என்றால், மூடிய பெட்டிக்குள் இன்னொரு ரோபோவுடன் மோதி அதை முடக்கப் பார்க்கிற, ரிமோட்டில் ஓட்டுகிற இயந்திரம். எங்கள் ரோபோ 1.36 கிலோ வகுப்பில் ஆடுவது. மூன்று இறாத்தல் என்றால் ஊரில் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் முதலாவது ரோபோ வார்ஸ் போட்டி நடந்தது. பிறகு பிபிசி அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. இன்றைக்குப் பொடியள் யூடியூப்பில் பார்க்கிற பேட்டில்பொட்ஸ் என்ற சண்டைப் போட்டியின் இயந்திரங்கள் 250 இறாத்தல், கிட்டத்தட்ட 113 கிலோ. எடைதான் வேறு, உடைகிற இடங்கள் அநேகமாக அவையேதான்.

இதை நானும் அக்காவின் மகனும் சேர்ந்து பரந்தனில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் செய்தோம். பெரும்போக அறுவடை முடிந்து நெல் போனதும், தெரிந்தவர் ஒருவரின் சேமிப்புக் கொட்டகை காலியாகும். அதற்குள் பொலிகார்பனேட் தகடு அடித்த பெட்டி வைத்து, அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பொடியள் சிலரும் நாங்களும் ஆடுவோம். எப்போதாவது வெளியூர்ப் போட்டிக்கும் கொண்டு போகிறோம். முதல் செய்த பாகங்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை குறைவு. ஆனால் எல்லா மாற்றமும் ஒரே திசையில்தான் போயிருக்கின்றன: ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் இடையில் கிடைக்கிற 20 நிமிடத்துக்குள் கழற்றிப் பூட்ட முடிய வேண்டும், மாற்றுப் பாகத்தைக் கிளிநொச்சிக்குள்ளேயே தேட முடிய வேண்டும். பார்ப்பவர்கள் ஆயுதத்துக்குக் கைதட்டுகிறார்கள். எங்கள் வெற்றிகளில் பெரும்பங்கு திருத்துகிற மேசையில் வந்தது.

ஆயுதத்தையே முதலில் சொல்கிறேன். முன்னால் செங்குத்தாகச் சுழலும் ஒற்றைப் பல் சட்டம், 300 கிராம் அளவு. பல்லின் நுனி அச்சிலிருந்து 65 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றும்போது அந்த நுனி நொடிக்கு ஏறத்தாழ 48 மீட்டர் போகும், மணிக்கு 170 கிலோமீட்டர் மாதிரி. பல் ஏன் ஒன்று என்று எல்லோரும் கேட்பார்கள். எதிர் ரோபோ நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நெருங்கினால், இந்தச் சட்டம் ஒருமுறை சுற்றி வருவதற்குள் அது 17 மில்லிமீட்டர் உள்ளே வந்துவிடும். அவ்வளவு ஆழத்துக்குப் பல் கொளுவும். இரண்டு பல் வைத்தால் அதில் பாதிதான் கிடைக்கும், சட்டம் உரசிக்கொண்டே நிற்கும். அதனால்தான் வேகத்தைக் கூட்டுவதிலும் எங்களுக்கு ஆசை இல்லை. வேகம் கூடினால் கடி குறையும்.

இரும்பு, பிக்கப் வாகனத்தின் பழைய வில்லுத்தகடு. கராச்சில் தெரிந்த அண்ணையிடம் வாங்கியது. வில்லுத்தகட்டை அப்படியே துளைக்க முடியாது, துளையிடும் அலகுதான் தேய்ந்து போகும். விசுவமடுப் பக்கம் மண்வெட்டியும் கோடாலியும் அடிக்கிற வயதான கொல்லர் ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் அதைச் சிவக்கக் காய்ச்சி, உமிச் சாம்பலுக்குள் புதைத்து, மெதுவாக ஆறவிட்டார். மெதுவாக ஆறினால் இரும்பு இளகும். பிறகு லேத்தில் துளைபோட்டு வடிவம் வெட்டித் திரும்பக் கொண்டு போனோம்.

"தம்பி, இது மரத்தில விழப்போகுதோ, இரும்பில விழப்போகுதோ?"

"இரும்பிலதான் ஐயா. சில நேரம் இதே மாதிரி இன்னொரு சட்டத்திலயும் விழும்."

"அப்ப கத்திப் பதம் சரிவராது. முனை பறந்திடும். உளிப் பதத்தை விடக் கொஞ்சம் இறக்கி வைப்பம்."

காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடேற்றி, அதற்கும் சற்று மேலே போய், எண்ணெயில் தோய்த்தார். பிறகு மினுக்கி, மெல்லிய சூட்டில் பிடித்து, வைக்கோல் நிறம் போய் ஊதாவும் நீலமும் வரும்போது நிறுத்தினார். உருக்குப் பற்றிய புத்தகங்கள் பாகைக் கணக்கில் சொல்வதை அவர் நிறத்தில் பார்க்கிறார். அந்தச் சட்டம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. பல் மழுங்கினால் கிரைண்டரில் தீட்டலாம், ஆனால் இடைக்கிடை தண்ணீரில் நனைத்து நனைத்துத் தீட்ட வேண்டும். தீட்டுகிற சூட்டில் இரும்பு நீலத்தையும் தாண்டிப் போனால் ஐயா வைத்த பதம் போய்விடும்.

சட்டத்தைச் சுழற்றுவது பிரஷ் இல்லாத மோட்டர். இடையில் பொலியூரித்தேன் வட்டப் பெல்ட். சூடான தகட்டில் இரண்டு நுனியையும் உருக்கி ஒட்டினால் பெல்ட் தயார். பலத்த அடி விழும்போது அது வழுக்கும். வழுக்குவதால் மோட்டரின் அச்சு தப்புகிறது. பல்லுள்ள பெல்ட்டை விட இதை நான் விரும்புவதற்குக் காரணம் அதுதான். நெல் தூசி பட்டால் பிடி குறையும், ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கிறோம்.

உடம்பு, சமையலறையில் மரக்கறி வெட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. எச்டிபிஇ. இந்த முழு ரோபோவிலும் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அடி விழுந்தால் வெடிக்காது, உள்வாங்கி வளைந்து திரும்பி வரும். வெட்டுக் காயங்கள் இருக்கும், அதனால் ஒன்றும் இல்லை. அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான், வளைந்த சட்டகத்துக்குள் மோட்டர் நேராக நிற்காது. எச்டிபிஇயின் பலவீனம் திருகாணி. நேரே முறுக்கினால் சில தடவைக்குள் மரை தின்றுவிடும். அதற்கு நாங்கள் பலகைக்குக் குறுக்கே துளை போட்டு, 10 மில்லிமீட்டர் இரும்புக் கம்பித் துண்டில் எம்4 மரை வெட்டி உள்ளே செருகியிருக்கிறோம். போல்ட் இரும்பைப் பிடிக்கிறது, பலகை இரும்பைப் பிடிக்கிறது. எல்லா போல்ட்டும் ஒரே அளவு, ஒரே அலன் சாவி. இந்த ஒரு மாற்றம் மேசையில் மிச்சப்படுத்திய நேரம் வேறெதிலும் கிடைக்கவில்லை.

முப்பரிமாண அச்சில் எடுத்த பாகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் ஏ9 வீதி ஓரம் மூடி நிறுத்திய வாகனத்துக்குள் அந்தச் சூடு சாதாரணம். வன்னியில் பிஎல்ஏ வேண்டாம். ரப்பர் மாதிரி வளைகிற டிபியு பிளாஸ்டிக் நல்லது, அடியையும் வாங்கும்.

சில்லுக்குப் பலகையில் வெட்டிய வட்டத்தின் மேல் சயிக்கிள் ரியூப்பை இறுக்கி மாட்டுகிறோம். கிழிந்தால் இன்னொன்று. அதைச் சுழற்றுகிற கியர் மோட்டர்கள்தான் எங்களுடைய நிரந்தரத் தலையிடி. பக்கவாட்டில் அடி விழுந்தால் அச்சு வளையும், அல்லது உள்ளே கடைசிப் பல்லுச் சக்கரம் தின்னும். மோட்டரை இறுக்கிப் பூட்டாமல் ரப்பர் சுற்றிக் கவ்விப் பிடித்த பிறகு சேதம் நன்றாகக் குறைந்தது. ஆனாலும் இது தேய்ந்து போகிற சாமான் என்றே கணக்கு வைக்க வேண்டும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு யார் போனாலும் எங்கள் பட்டியலில் கியர் மோட்டர்தான் முதலாவது. எதிர் ரோபோவின் அடியில் நுழைவதற்காக முன்னால் தரையை உரசிப் போகிற இரும்பு முட்களும் அப்படித்தான், வளையும், சுத்தியலால் நிமிர்த்துவோம், பிறகு மாற்றுவோம்.

ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டம் முழு வேகத்தில் சுழலும்போது சட்டென்று திருப்பினால் ரோபோவின் ஒரு பக்கம் மேலே எழும்பும். சுழல்கிற பொருள் தன் அச்சைத் திருப்ப விடாது, அந்த எதிர்ப்பு சில்லைத் தூக்குகிறது. மருமகன் இப்போது திருப்பத்துக்கு முன் ஆயுதத்தை அரை வேகத்துக்கு இறக்கி, நேரானதும் கூட்டுகிறான். அதைக் கைவிரல் தானாகச் செய்யும் வரைக்கும் வெற்று முற்றத்தில் சட்டத்துக்குப் பதிலாகப் பல் இல்லாத மரத்துண்டு மாட்டிப் பழகினான்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக. பற்றரி நான்கு செல் லிப்போ (லித்தியம் பொலிமர்), 850 எம்ஏஎச், நிரம்பினால் 16.8 வோல்ட். ரிமோட் ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6, நான்கு பென்டோர்ச் பற்றரியில் ஓடும். இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரிமோட்டை நிறுத்தினால் சில்லும் சட்டமும் உடனே ஓய வேண்டும். அந்தச் சோதனையை ஒவ்வொரு போட்டி நாளும் முதலில் செய்கிறோம். லிப்போவை நிரம்பிய நிலையில் வீட்டில் வைக்க வேண்டாம், செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்தால் ஆயுள் நிற்கும். எங்கள் வெக்கைக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். வீங்கிய பற்றரியை இன்னொரு சண்டைக்கு ஏற்றவே கூடாது. சார்ஜ் பண்ணும் இடத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கும்.

இனி அந்த 20 நிமிடம். சண்டை 3 நிமிடம்தான், அது முடிந்த கணத்திலிருந்து மணி ஓடுகிறது. பெட்டியைத் திறந்ததும் முதலில் சட்டம் சுழலாதபடி பூட்டுக் கம்பி, பிறகு மின் இணைப்பைக் கழற்றுவது. இந்த ஒழுங்கை எந்த அவசரத்திலும் மாற்ற மாட்டோம். மேசைக்கு வந்ததும் பற்றரியைக் கையில் எடுத்துச் சூடும் வீக்கமும் பார்ப்பது என் வேலை. 850 எம்ஏஎச் பற்றரியை இயல்பான வேகத்தில் நிரப்ப ஒரு மணித்தியாலம் பிடிக்கும், ஆகவே பயன்படுத்தியதைச் சார்ஜில் போட்டுவிட்டு நிரம்பிய இன்னொன்றை எடுக்கிறோம். அதே நேரம் மருமகன் சில்லைக் கையால் உருட்டிக் காது கொடுத்துக் கேட்பான்.

"மாமா, இடது பக்கக் கியர் கரகரக்குது."

"யோசிக்காத, கழட்டு. பெட்டியோட புதுசைப் போடு."

கரகரக்கிற கியர் பெட்டியை மேசையில் திறந்து பார்ப்பது பயன் இல்லாத வேலை. வயர், இணைப்பான் எல்லாம் பற்றவைத்த முழு மோட்டராகவே மாற்றுப் பாகங்களை வைத்திருக்கிறோம். திறந்து பார்ப்பது வீட்டில், இரவில். சோல்டர் தேவைப்படுவது பெரும்பாலும் வயர் பற்றவைத்திருக்கிற மோட்டரின் காதுகளில்தான், அதிர்ச்சியில் அந்த இடம் விட்டுவிடும். 12 முதல் 24 வோல்ட்டில் ஓடுகிற சிறிய சோல்டர் அயனை இன்னொரு லிப்போவில் கொளுவி வைத்திருக்கிறோம், கரண்ட் நின்றாலும் வேலை நிற்காது.

பிறகு சட்டம். வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்து, மேலே சோக் தூள் தடவுகிறோம். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து கோடு தெரியும். கராச்சுக்காரர்கள் காலம் காலமாகச் செய்கிற முறைதான். நூறு ஜூல் அளவு சக்தியைச் சுமந்து சுழல்கிற இரும்பு இரண்டாக உடைந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் இதற்கு நேரம் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள். கடைசியில் எல்லா போல்ட்டையும் சாவியால் தொட்டுப் பார்ப்பது. இரும்பு இரும்பைப் பிடிக்கிற இடத்தில் போல்ட் அதிர்ந்து கழலாமல் பிடிக்கிற நீல நிற மரைப்பசை போதும். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும். அந்தச் சூடு பக்கத்தில் இருக்கிற பலகைக்கு ஆகாது.

எங்கள் மண்ணுக்கே உரிய இரண்டு விடயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய இரும்பு தேடிக் காடு கரம்பைக்குள் போகாதீர்கள். போர் முடிந்தது 2009-இல். கண்ணிவெடி அகற்றும் வேலை அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவரிடம் மட்டும், வாகனத்தில் இருந்து கழன்ற இரும்பை மட்டும் வாங்குங்கள். இரண்டாவது, சத்தம். சட்டம் இரும்பில் மோதினால் வெடி மாதிரிக் கேட்கும். அந்தச் சத்தம் எங்கள் ஊரில் பலருக்கு வேறு எதையெல்லாமோ கொண்டுவரும். ஆயுதம் சுழற்றிப் பார்ப்பதற்கு முன் அயலில் நாலு வீட்டுக்கும் நேரே போய்ச் சொல்கிறோம், பகலில் மட்டும் செய்கிறோம். ஒரு ஆச்சி இப்போது தானே வந்து, இன்றைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போவார்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இந்த எடையைப் பரிந்துரைக்க மாட்டேன். பிரிட்டனில் 150 கிராம் வகுப்பு இருக்கிறது, அந்த அளவில் சுழலும் ஆயுதம் இல்லாத, தூக்கிப் புரட்டுகிற ரோபோ ஒன்றைச் செய்து ஓடிப் பழகலாம். செலவும் ஆபத்தும் பல மடங்கு குறைவு, மேசை ஒழுங்கு மட்டும் அப்படியேதான். காசை நல்ல சார்ஜரிலும் ரிமோட்டிலும் போடுங்கள். பிறகு மூன்று இறாத்தலுக்குப் போகும்போது அவை இரண்டையும் திரும்ப வாங்கத் தேவையில்லை.