காட்டுத்தீ ஓவியம்: பழைய வார்னிஷை அகற்றுவதா, அப்படியே விடுவதா?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் தொங்கும் காட்டுத்தீ ஓவியத்தைப் பற்றி இப்படிக் கேட்டால், இரு தரப்புக்கும் நியாயம் உண்டு.

டமார், மாஸ்டிக் போன்ற இயற்கைப் பிசின் வார்னிஷ்கள் நாளடைவில் மஞ்சளித்துப் பழுப்பேறுவதால், நீலச்சாம்பல் புகை பச்சை கலந்த பழுப்பாகி, தழல் எங்கே முடிகிறது, புகை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. அதை அகற்றினால் ஓவியர் தீட்டிய குளிர்ந்த வானம் திரும்பக் கிடைக்கும்; அந்தக் குளிர்ச்சிக்கு எதிரே நின்றால்தான் தீயின் வெம்மையும் எடுபடும். ஆனால் தழலின் செம்மைக்குப் பிசின் கலந்த மெல்லிய மேற்பூச்சு கொடுக்கப்பட்டிருந்தால், வார்னிஷைக் கரைக்கும் திரவம் அதையும் கரைத்துவிடக்கூடும்; போனது போனதுதான்.

அப்படியே விடுவதற்குச் செலவு குறைவு. என்றாலும், பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் ஆடியிலும், சித்திரை வெயிலிலும் கித்தான் (ஓவியம் தீட்டிய துணி) மாறி மாறித் தளர்ந்து இறுகி வண்ணத்தில் வெடிப்பு விழும் என்பதால், வெயில் படும் வெளிச்சுவரிலிருந்து படத்தை மாற்றியாக வேண்டும்.

என் கணிப்பில், பயிற்சி பெற்றவர் கரைக்கும் திரவம் தொட்ட பஞ்சால் ஓவியத்தின் ஓரத்தில் சிறிய இடத்தைச் சோதிக்கும்போது பஞ்சில் மஞ்சள் மட்டும் ஏறினால் அகற்றலாம். சிவப்பு சற்றே ஒட்டினாலும் விட்டுவிடுவதே நல்லது.