40 வயது கேம்பர் வேன்: எதைப் புதுப்பித்தேன், எதை அப்படியே விட்டேன்

என்னிடம் இருப்பது 1985ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் டி3. உள்ளே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் பொருத்திய கட்டில், அடுப்பு, அலமாரி. மேலே தூக்கித் திறக்கும் கூரை. ஜெர்மனியில் 2013இல் வாங்கினேன். முழுவதையும் பிரித்துப் புதிதாக்கிவிட வேண்டும் என்ற வேகம் அப்போது இருந்தது.

முதல் பணம் பெயிண்டுக்குப் போனது. அதுதான் நான் செய்த பெரிய தவறு. இந்த வேனில் தகடுகள் சேரும் இடுக்குகளில் பசை போன்ற ஒன்றை நிரப்பியிருப்பார்கள். வயதானால் அது சுருங்கி வெடிக்கும். தண்ணீர் உள்ளே இறங்கித் துரு உள்ளிருந்தே தின்னும். பெயிண்ட் அடித்தவர் இடுக்கைத் திறக்காமல் மேலே பட்டி பூசிவிட்டார். நானும் கேட்கவில்லை. பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் இரண்டு குளிர்காலம் போதும், பளபளப்பான பெயிண்டில் கொப்புளம் வந்துவிட்டது.

அப்புறம் அலமாரிகளைக் கழற்றிப் பார்த்தேன். ஜன்னல் ரப்பர் வழியாக இறங்கிய தண்ணீர் அடுப்புக்குப் பின்னால் தகட்டை ஓட்டையாக்கியிருந்தது. இடுக்குகளைச் சுரண்டி, வெல்டிங் வைத்து, ரப்பர்களை மாற்றி, உட்குழிவுகளில் மெழுகு அடிக்க ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. வாங்க நினைப்பவர்கள் அலமாரியைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் பெயிண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கொஞ்சமும் தள்ளிப்போடக் கூடாதது பெட்ரோல் குழாய். இன்ஜின் பின்னால், படுக்கைக்கு அடியில் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய் வெடித்துச் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துபோகும். முதல் மாதமே எல்லாவற்றையும் மாற்றினேன். பிரேக் குழாய், கேஸ் குழாய், ரெகுலேட்டர் எல்லாம் அதே வரிசையில். கூலன்ட் பல வருடம் மாற்றாமல் கிடந்ததால் அலுமினிய சிலிண்டர் ஹெட் அரித்திருந்தது. 2017இல் இரண்டு பக்கமும் மாற்றினேன். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூலன்ட் மாற்றுகிறேன்.

சுபாரு இன்ஜின் போடச் சொன்னவர்கள் உண்டு. என் பழைய இன்ஜின் 78 குதிரைத்திறன்தான், ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில் உள்ள பிரென்னர் கணவாய் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மூன்றாவது கியரில்தான் போகும். அந்த வேகத்தில் மலையைப் பார்த்துக்கொண்டே போகப் பிடித்திருக்கிறது, மாற்றவில்லை.

வசதிக்காகச் செய்த ஒரே மாற்றம் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ். பழைய கேஸ் ஃப்ரிட்ஜ் வண்டி சாய்ந்து நின்றாலே குளிராது. அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன்.

எறிந்துவிட்டு வருந்துவது முன் இருக்கைகளின் கட்டம் போட்ட துணி. ரெக்ஸின் போட்டேன், கோடையில் முதுகு ஒட்டுகிறது. ஜெர்மனியில் 30 வயது தாண்டிய வண்டி பெரும்பாலும் அசல் நிலையில், நன்றாக இருந்தால் ‘எச்’ நம்பர் பிளேட் கிடைக்கும். வரி வருடத்துக்குச் சுமார் 191 யூரோ, புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளும் போகலாம். 2015இல் எனக்குக் கிடைத்தது. அந்த நாள் முதல் பின் இருக்கைத் துணியையும், முந்தைய குடும்பத்தின் பிள்ளைகள் மேஜையில் கீறிய கோடுகளையும் நான் தொடுவதே இல்லை.

தூக்கித் திறக்கும் கூரையைச் சுற்றியுள்ள துணியில் மூன்று ஒட்டுப்போட்டாயிற்று. புதுத் துணி வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். பழையது மழையைத் தாங்கும்வரை அது பெட்டியிலேயே இருக்கும்.